ஆடுகிறதா? எந்த வேகத்தில் என்று முதலில் பாருங்கள்

இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், ஏதோ ஒன்று ஆடுகிறது, அதிர்கிறது, உறுமுகிறது, எதை வாங்கிப் போட்டால் நிற்கும் என்பதுதான். வாஷிங் மெஷின், காற்றாடி, கார், கைப்பேசி, ஒருவர் வீணைகூட. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை என்றுதான் நினைத்தேன். பதில் எழுத உட்கார்ந்தபோது ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வந்ததால் எல்லாவற்றையும் சேர்த்தே போட்டுவிட்டேன். முதல் பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். அதைப் படித்துவிட்டால் மற்றவை சுலபம்.

கேள்வி: செங்காங்கில் புது வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. வந்ததும் 9 கிலோ வாஷிங் மெஷின் வாங்கினோம், முன்பக்கம் கதவு உள்ளது. துணி பிழியும்போது தரையே அதிர்கிறது, மெஷின் நகர்ந்து சுவரில் இடிக்கிறது. கீழ்வீட்டு ஆன்ட்டி இரண்டு முறை மேலே வந்துவிட்டார். வாங்கிய கடையில் ‘எல்லா மெஷினும் இப்படித்தான்’ என்கிறார்கள். வேறொரு கடையில் காலுக்கு அடியில் ரப்பர் பேடு போடச் சொல்கிறார்கள், நான்கு பேடு 40 வெள்ளி. வாங்கலாமா, இல்லை மெஷினையே திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: பேடு இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

கோப்பிக்கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் கோப்பியை விரலில் மாட்டிக்கொண்டு நடந்திருப்பீர்கள். பத்தடி போவதற்குள் பை தாறுமாறாக ஆட ஆரம்பித்துவிடும். நீங்கள் ஒன்றும் வேகமாக நடக்கவில்லை, கையை வீசி ஆட்டவும் இல்லை, ஆனாலும் ஆடுகிறது. விரலிலிருந்து பையின் நடுப்பகுதி வரை சுமார் 25 சென்டிமீட்டர் இருக்கும். அந்த நீளத்தில் தொங்கும் எதுவும், சும்மா தட்டிவிட்டால், ஒரு முறை போய்த் திரும்ப ஒரு நொடி எடுக்கும். அதுதான் அதன் இயல்பு அதிர்வெண், நொடிக்கு ஒன்று, அதாவது 1 ஹெர்ட்ஸ். நாம் நடக்கும்போது கை முன்னும் பின்னும் போய் வருவதும் கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு முறைதான். கை தன் தாளத்தில் பையை ஆட்டுவது திணிப்பு அதிர்வு. அந்தத் தாளமும் பையின் சொந்தத் தாளமும் ஒன்றாகிவிட்டால், ஒவ்வொரு சின்னத் தள்ளலும் முந்தைய ஆட்டத்தோடு சேர்ந்து சேர்ந்து பெரிதாகிவிடும். இதற்குத்தான் ஒத்ததிர்வு என்று பெயர். கயிற்றை விரலில் இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள், நீளம் குறைந்து பையின் தாளம் மாறி ஆட்டம் அடங்கிவிடும். அதே கோப்பி, அதே நடை.

இப்போது மெஷினுக்கு வருவோம். உள்ளே இருக்கும் தொட்டி ஸ்பிரிங்குகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அடியில் ஆட்டத்தை விழுங்க டேம்பர்கள் உண்டு, ஆடாமல் அழுத்திப் பிடிக்கக் காங்கிரீட் கட்டியும் வைத்திருப்பார்கள் (மெஷினைத் தூக்கி வந்தவர்களைக் கேளுங்கள், கனம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்). இந்தத் தொங்கும் தொட்டிக்கு ஒரு சொந்தத் தாளம் உண்டு, அது நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுக்கு உள்ளேயே வந்துவிடும். அதனால் எந்த நல்ல மெஷினும் பிழியத் தொடங்கும்போதும், நிற்கப் போகும்போதும், அந்த வேகத்தைக் கடக்கும் சில நொடிகள் தடதடவென்று ஆடத்தான் செய்யும். கடைக்காரர் சொன்னது அந்த அளவுக்கு மட்டும் உண்மை. முழு வேகத்துக்குப் போனபிறகும் ஆடிக்கொண்டே இருந்தால் ‘இப்படித்தான்’ என்பது பதில் இல்லை.

வேகம் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. ஈரத் துண்டு ஒன்று, அரைக் கிலோ, தொட்டியின் ஒரே பக்கம் ஒட்டிக்கொண்டது, மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி. நிமிடத்துக்கு 1200 சுற்றில் அது தொட்டியை வெளிப்பக்கம் இழுக்கும் விசை சுமார் 2000 நியூட்டன், அதாவது 200 கிலோ மூட்டை ஒன்றின் எடைக்குச் சமம், அதுவும் நொடிக்கு 20 முறை திசை மாறிக்கொண்டே. 600 சுற்றில் அதே துண்டு அதில் கால்வாசிதான் இழுக்கும். ஆகவே ஒரே ஒரு போர்வையை மட்டும் போட்டுப் பிழிவதைவிட, கூட நாலைந்து துண்டுகளைப் போட்டால் மெஷின் அமைதியாக ஓடும். பாதிப் பேருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

சரி, நீங்கள் செய்யவேண்டியது. மெஷினின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். லாரியில் வரும்போது தொட்டி ஆடாமலிருக்க மூன்று நான்கு பெரிய போல்ட்டுகள் போட்டிருப்பார்கள், ஓட்டுவதற்கு முன்னால் கழற்றியாக வேண்டும். கழற்றாமல் ஓட்டினால் ஸ்பிரிங் எதற்கும் வேலை இல்லை, மொத்த இழுப்பும் நேராகத் தரைக்குப் போகும். மெஷின் நகர்ந்து சுவரில் இடிக்கிறது என்று படித்ததும் எனக்கு முதலில் வந்த சந்தேகம் இதுதான். அது இருந்தால் பொருளின் குறை இல்லை, பொருத்த வந்தவரின் மறதி, அவரையே கூப்பிடுங்கள். இல்லையென்றால் கால்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் துணி துவைக்கும் இடத்துத் தரை தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகத்தான் இருக்கும். மெஷினின் மேல்பக்கத்து எதிரெதிர் மூலைகளை அழுத்துங்கள், டக்கென்று ஒரு பக்கம் இறங்கினால் ஒரு கால் தரையைத் தொடவில்லை. திருகிச் சரிசெய்து, காலின் பூட்டு நட்டையும் இறுக்கவேண்டும், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம்தான் உண்மையான சோதனை. அதே துணிகளை வைத்து 800, 1000, 1200 என்று பிழியும் வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டி, கைப்பேசியில் படம் எடுங்கள், திரையில் உள்ள வேகமும் தெரியட்டும். வேகம் கூடக் கூட ஆட்டமும் ஒரே சீராகக் கூடினால் சமநிலை கெட்டிருக்கிறது, அல்லது டேம்பரில் குறை. 800இலும் 1200இலும் பரவாயில்லை, 1000இல் மட்டும் பேயாட்டம் என்றால் மெஷின் நிற்கும் தரையும் கால்களும் அந்த வேகத்தோடு ஒத்துப்போகின்றன. அப்படியானால் 800இல் பிழியுங்கள், துணி காய ஒரு மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பேடை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், அதற்கும் ஒரு சொந்தத் தாளம் உண்டு. மெஷினின் எடையில் பேடு 1 மில்லிமீட்டர் அமுங்கினால், மெஷினும் பேடும் சேர்ந்த இயல்பு அதிர்வெண் ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ். நிமிடக் கணக்கில் 960 சுற்று. அதாவது 1000இல் பிழியும் ஆளுக்கு இது ஒத்ததிர்வைக் காசு கொடுத்து வாங்கி வைப்பது! 4 மில்லிமீட்டர் அமுங்கினால் 8 ஹெர்ட்ஸ், அங்கே 1200 சுற்றில் தரைக்குப் போகும் ஆட்டம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். (ரப்பர் ஆட்டத்தில் கொஞ்சம் விறைப்பாக நடந்துகொள்ளும், அதனால் கணக்கு சற்று மேலே போகும்.) மெஷின் சுழலும் தாளம் பேடின் தாளத்தைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் பேடால் லாபமே, அதற்குக் கீழே பேடு இல்லாமல் இருப்பதே மேல். டப்பாவில் ‘அதிர்வைத் தடுக்கும்’ என்று போட்டிருப்பார்கள், எத்தனை கிலோவுக்கு எத்தனை மில்லிமீட்டர் அமுங்கும் என்று போட்டிருக்க மாட்டார்கள். அதைக் கேளுங்கள், பதில் வராது, வந்தால் வாங்கலாம்.

திருப்பிக் கொடுப்பது பற்றி: 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே ‘லெமன் லா’ (குறையுள்ள பொருளை வாங்கியவருக்கான சட்டம்) நடப்பில் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரர் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தரச் சொல்லலாம், நியாயமான காலத்துக்குள் அது நடக்கவில்லையென்றால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். உங்களுக்கு நான்கு மாதம்தான் ஆகிறது, ஆகவே போல்ட்டும் கால்களும் சரியாக இருந்தும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். மசியவில்லையென்றால் பயனீட்டாளர் சங்கம், அதற்கும் மேலே சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000. நீங்கள் எடுத்து வைத்த வீடியோ அங்கே பேசும்.

கேள்வி: பிடோக், பழைய வீடு. கூரைக் காற்றாடி 3ஆம் எண்ணில் வைத்தால் தலைக்குமேல் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. 5இல் வைத்தால் ஆடவில்லை. பார்க்க வந்தவர் மோட்டார் போய்விட்டது, புதிது போட 180 வெள்ளி என்கிறார்.

பதில்: 5இல் அமைதியாக ஓடும் மோட்டார் 3இல் மட்டும் எப்படிப் ‘போகும்’? அவரைக் கேட்டிருக்கலாம்.

கூரைக் காற்றாடி நொடிக்குச் சில சுற்றுகள்தான் போகும். தண்டில் தொங்கும் மொத்தக் காற்றாடிக்கும் பக்கவாட்டில் ஆடும் தாளம் ஒன்று உண்டு, உங்கள் வீட்டில் அது 3ஆம் எண்ணின் வேகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் தள்ளிவிட ஏதாவது வேண்டுமே, அது இறக்கைகளுக்கு இடையே உள்ள சின்ன எடை வித்தியாசம். காற்றாடியை நிறுத்தி, இறக்கைகளின் மேலே அப்பியிருக்கும் தூசியைத் துடைத்துவிட்டுத் திருகுகளை இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு இறக்கையின் நுனியிலிருந்தும் கூரைக்கு உள்ள தூரத்தை அளந்து பாருங்கள், ஒன்று மட்டும் அரை சென்டிமீட்டருக்குமேல் ஏறியோ இறங்கியோ இருந்தால் அதன் பிடி வளைந்திருக்கிறது. எல்லாம் சரியென்றால் ஒரு 20 காசு நாணயத்தை டேப்பால் இறக்கையின் மேற்பக்கம் நடுவில் ஒட்டி ஓட்டுங்கள், இறக்கை மாற்றி இறக்கை. எதில் ஒட்டினால் ஆட்டம் குறைகிறதோ அதில் எடை போதவில்லை, அங்கேயே நன்றாக ஒட்டிவிட்டால் முடிந்தது. இறக்கை உடைந்து புதிது வாங்குவதானால் ஒன்றை மட்டும் வாங்காதீர்கள், எடை பார்த்து ஒரு தொகுதியாகத்தான் தயாரிக்கிறார்கள்.

ஒன்று மட்டும் சீரியஸாக. கூரையோடு சேரும் இடத்தில் கிளிப்பு ஆடினாலோ, காங்கிரீட்டில் அல்லாமல் பொய்க்கூரைப் பலகையில் திருகியிருந்தாலோ, நாணயம் காசு எல்லாம் வேண்டாம், இன்றே நிறுத்திவிட்டு ஆள் கூப்பிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு வீணை வாங்கப் போனோம். கடைக்காரர் ஒரு வீணையை மீட்டினார், பக்கத்தில் வைத்திருந்த இன்னொரு வீணையின் தந்தி யாரும் தொடாமல் ஒலித்தது. ‘பாருங்க, உயிருள்ள வீணை, அதனால்தான் விலை கூடுதல்’ என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது, ஆனால் 700 வெள்ளி வித்தியாசம்.

பதில்: புல்லரிக்கட்டும், 700 வெள்ளி கொடுக்காதீர்கள். ஒரே சுருதிக்குக் கூட்டிய இரண்டு தந்திகளில் ஒன்றை மீட்டினால் மற்றது ஒலிக்கும், விலை குறைந்த வீணையிலும் ஒலிக்கும். பள்ளிக்கூடத்தில் தந்திமேல் சின்னத் தாளை மடித்து உட்கார வைத்துச் செய்யும் சோதனை இது, சுருதி சேர்ந்ததும் தாள் துள்ளி விழும். அந்தக் கடைக்காரர் காட்டியது தனக்குச் சுருதி கூட்டத் தெரியும் என்பதைத்தான்.

வீணையின் தரத்தைப் பார்க்கவேண்டிய இடம் வேறு. தந்தி தனியாகப் போடும் சத்தம் ரொம்பக் குறைவு, அது தன்னைத் தாங்கும் குதிரை வழியாகக் குடத்தையும் பலகையையும் தன் தாளத்துக்கு ஆடவைக்கிறது, நமக்குக் கேட்பது பெரும்பாலும் அதுதான். நல்ல குடம் எல்லாச் சுரங்களுக்கும் ஏறக்குறைய சமமாக இணங்கவேண்டும். ஏதோ ஒரு மெட்டில் (தந்தியை அழுத்தும் பித்தளைக் கட்டை) மட்டும் திடீரென்று சத்தம் பெருத்துக் கேட்டாலோ, ஒரு சுரத்தில் மட்டும் எங்கோ கிர்ரென்று இரைந்தாலோ, குடத்தின் தாளம் அங்கே முட்டுகிறது, அல்லது ஒட்டு விட்டிருக்கிறது. ஆகவே ஆசிரியரைக் கூட்டிப்போய் ஒவ்வொரு மெட்டாக, மெதுவாக, ஒரே பலத்தில் மீட்டிக் கேளுங்கள். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கும் ஒட்டு வீணைக்கும் விலை வித்தியாசம் உண்டுதான், அது கேட்டு வாங்கவேண்டிய விஷயம், உயிர் இருக்கிறதா என்று பார்த்து அல்ல.

இதைச் சொல்லும்போது மிருதங்கம் நினைவுக்கு வருகிறது. வெறும் தோலைத் தட்டினால் அதன் தாளங்கள் ஒன்றுக்கொன்று ஒழுங்கில்லாமல் கிடக்கும், சுருதி என்று ஒன்று கேட்காது. நடுவில் அப்பும் கரணை என்ற கறுப்புப் பசைதான் அவற்றை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று சர் சி.வி. ராமன் 1920இலேயே எழுதியிருக்கிறார். கேள்வியில் இல்லாதது, சும்மா சொன்னேன்.

கேள்வி: ஜூரோங் வெஸ்ட். படுக்கையறை ஒன்றைப் படம் பார்க்கும் அறையாக்கினேன். சப்வூஃபரில் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) ஒரு குறிப்பிட்ட அடிச்சத்தம் வந்தால் மட்டும் அறை ‘ஊம்ம்’ என்று உறுமுகிறது. 1,200 வெள்ளி மாடலுக்கு மாறலாமா? சுவரில் பஞ்சு ஒட்டலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் அறை எத்தனை மீட்டர்? 3.5 இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்ச் சூட்டில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.5 மீட்டர் என்றால் அந்த அறைக்கு 50 ஹெர்ட்ஸில் ஒரு சொந்தத் தாளம். எந்த விலை ஸ்பீக்கரும் 50ஐப் போட்டால் அறை பாடத்தான் செய்யும், விலை கூடியது இன்னும் பலமாகப் போடும்! பஞ்சு, முட்டை அட்டை இதெல்லாம் 7 மீட்டர் அலைநீளத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இடத்தை மாற்றுங்கள். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வைத்து, அடிச்சத்தம் உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. எங்கே சத்தம் உறுமாமல் சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். மூலையில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: கார் பிஐஇ விரைவுச்சாலையில் 80இலிருந்து 90க்குள் ஸ்டீயரிங் நடுங்குகிறது. ஜோகூர் தாண்டி 110இல் போனால் நிற்கிறது. நான்கு டயரும் மாற்றவேண்டுமா?

பதில்: சக்கரங்களின் எடைச் சமநிலையை (பேலன்ஸ்) பார்க்கச் சொல்லுங்கள், டயர் அப்புறம். டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்றால் 90இல் சக்கரம் நொடிக்கு 12 முறைக்குமேல் சுற்றுகிறது. சக்கரமும் அதைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷனும் துள்ளும் தாளம் பொதுவாக 10 முதல் 15 ஹெர்ட்ஸ். சில கிராம் எடை வித்தியாசம் போதும், அந்த வேகத்தில் கையில் தெரியும். பேலன்ஸ் செய்தும் போகவில்லையென்றால் ஷாக் அப்சார்பரைப் பார்க்கச் சொல்லுங்கள், ஆட்டத்தை விழுங்கவேண்டியது அதுதான். பிரேக் போடும்போது மட்டும் நடுங்கினால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை, பிரேக் தட்டைப் பாருங்கள்.

கேள்வி: உணவு விநியோகம் செய்கிறேன், மோட்டார்சைக்கிள். கைப்பேசியை ஹேண்டில்பாரில் மாட்டித்தான் வழி பார்ப்பேன். எட்டு மாதத்தில் கேமரா மங்கலாகி உள்ளே டிக் டிக் என்று சத்தம். உத்தரவாதம் உண்டு, ஆனால் பழுதுபார்ப்பவர் உங்கள் தப்பு என்கிறார்.

பதில்: வருத்தமான செய்திதான். கை நடுக்கத்தைச் சமாளிக்க இப்போதைய கேமராக்களில் லென்ஸை ஒரு நுண்ணிய பிடிமானத்தில் மிதக்க விட்டிருக்கிறார்கள். மிதக்கும் எதற்கும் சொந்தத் தாளம் உண்டு என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். எஞ்சின் நடுக்கம் ஹேண்டில்பார் வழியாக மணிக்கணக்கில் அதில் போய் இறங்குகிறது. ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரில் வெளிப்படையாகவே அறிவித்தது: சக்தி வாய்ந்த எஞ்சின் உள்ள மோட்டார்சைக்கிள்களில் ஐபோனை மாட்டாதீர்கள், மொபெட், மின்ஸ்கூட்டர் என்றால் அதிர்வைத் தணிக்கும் பிடியோடு மாட்டுங்கள் என்று. கேமராவில் இதே ஏற்பாடு உள்ள மற்றக் கைப்பேசிகளுக்கும் இது பொருந்தும்.

உங்கள் கைப்பேசிக்கான கையேட்டில் இப்படி ஓர் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைக் காட்டி வாதாட இடமுண்டு, ஆனால் எட்டு மாதம் என்பதால் 6 மாதச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது, குறையை நீங்கள்தான் நிரூபிக்கவேண்டும். இனிமேலாவது வழி பார்க்க ஒரு பழைய கைப்பேசியை, கேமரா போனாலும் கவலையில்லாத ஒன்றை, மாட்டிக்கொள்ளுங்கள். நல்ல கைப்பேசி சட்டைப்பையில் இருக்கட்டும், உடம்பைவிட நல்ல பேடு கடையில் கிடையாது.

கேள்வி: இரவில் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கினால் மேல் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ரீங்கரிக்கின்றன. ஃபிரிட்ஜ் வாங்கி 9 வருடம். மாற்றிவிடலாமா?

பதில்: ரீங்கரிப்பது எல்லா டம்ளர்களும் இல்லை, ஒன்றோ இரண்டோதான். அடுத்த முறை சத்தம் வரும்போது ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துப் பாருங்கள், எதைத் தொட்டால் நிற்கிறதோ அதற்கு அடியில் ஒரு கைத்துணியை மடித்து வையுங்கள். ஃபிரிட்ஜ் குளிர்கிறதுதானே?